காதுல லேட்டா வந்த கொரலு

பாய், நல்லா கீறியா? அந்தாண்ட காத்து எப்டி, முட்டி வலி வுட்டுச்சா? இங்க எல்லாரும் சவுக்கியம். ஒன் பொண்ணு எனக்கு டீ குட்த்துட்டு உள்ள கம்ப்யூட்டராண்ட குந்திகினு கீது. நான் ஒன் ஸ்டூடியோ மாடிப்படியில குந்திகினு போன்ல பேசறேன். எனக்கு எழுத வராதுனு ஒனக்குத் தெரியும். பேசுனா போனே எழுதிக்கும்னு ஒன் பொண்ணுதான் காட்டிச்சு. மெய்யாலுமே எழுதுதா, இல்ல வேற எங்கனா போய் சொல்லி வெக்குதானு எனக்கு ஒரு டவுட்டு. ஆவட்டும்.

ஆடி வருது. அம்மனுக்கு இந்த வருசப் பாட்டு எடுக்கணும்னு ஊர்ப் பெரியவங்க அனுப்பிச்சாங்க. பொண்ணு ஒன்னோட அந்தக் காதுல மாட்றத எனக்கு மாட்டி வுட்டுச்சு. பஞ்சு பூரா ஒன் அத்தர் வாசன. பாட வாயத் தொறந்தா இந்த வருசப் பாட்டு வரல பாய், போன வருசக் கதைதான் நெஞ்சுல வந்து நிக்குது.

போன வருசம் நீ மூணு கம்ப்யூட்டர் வெச்சிருந்த. ஒண்ணுல மேளம், ஒண்ணுல என் கொரலு, ஒண்ணுல நீ ரெண்டையும் கலக்கறது. நடுவுல ஒயரெல்லாம் வந்து சேர்ற சின்னப் பொட்டி, பச்ச லைட்டு மினுக்கு மினுக்குனு. எதுக்கு மூணு, ஒண்ணு பத்தாதானு கேட்டேன். எல்லா வலையும் ஒரே போட்ல ஏத்துனா முழுவாதானு நீ திருப்பிக் கேட்ட. எங்க வலைக்காரங்க பாஷையிலயே எனக்குப் பதில் சொல்றியே, இவன் உஷாரான ஆளுனு அப்பவே நெனச்சேன்.

மாட்டிகினு "தாயே"ன்னேன். காதுல "தாயே" ஒரு எட்டு பின்னால வந்துச்சு. என் கொரலே எனக்குப் பழிப்பு காட்டற மாதிரி. தாளம் எங்கயோ, நான் எங்கயோ. இருவது வருசமா அம்மனுக்குப் பாடற வாயி பாய் இது. தாளம் தப்புனா இந்தவாட்டி ஆரம்பாக்கத்துப் பாட்டுக்காரன வெச்சி எடுத்துருனு பெரியவங்க ஒன்னாண்ட சொன்னது எனக்குத் தெரியும். அந்தப் பாட்டும் போச்சுன்னா எனக்கு இன்னா கீது? பல்லு பாதி போயிடுச்சு, மீன்புடி போட்டும் மூத்த மவன் பேர்ல.

அன்னிக்கி எறங்கறப்ப ஆரம்பாக்கத்தானோட செருப்பு படிக்குக் கீழ கெடக்குது. சேப்பு வார் வெச்ச செருப்பு. அவன் பஸ்ல எறங்குனா செருப்பத் தொடச்சிட்டுத்தான் நடப்பான், அப்டி ஒரு ஷோக்கு. அவனோட மாமன் ஒருத்தன் எளாவூர்ல... அது வேற கதை. செருப்பப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சி போச்சு. நீதான் எதையோ திருகி என் கொரல பின்னால தள்ற. கெழவனுக்குத் தாளம் போச்சுனு ஊருக்குக் காட்டிட்டு, அவன உள்ள வுடப் போற. நான் வந்தா நீ ஸ்க்ரீன திருப்பறதும், ஒரு கண்ண அந்தத் தெருக் கேமரா படத்துலயே வெக்கறதும்... எவன் வரான்னு பாக்கறன்னு நெனச்சேன்.

நீ என்ன வுட பெரிய சந்தேகத்துல இருந்த. மேளத்தோட சேந்து கை தட்டச் சொல்லி, ஸ்க்ரீன்ல ரெண்டு மேடு காட்டுன. ஒண்ணு மேளம், ஒண்ணு என் கை. ஒருவாட்டி இடைவெளி ஒரு வெரலு, ஒருவாட்டி இல்லவே இல்ல, ஒருவாட்டி என் கை மேளத்துக்கு முன்னாலயே நிக்குது. ஒயர மாத்துன, பொட்டிய மாத்துன, மூணு மிஷினையும் அமத்தி அமத்தி எழுப்புன. மூணு நாளு. கடைசியில என் வாயாண்ட மூக்க நீட்டி மோந்து பாத்த. "குட்சிக்கிறியா?"ன்ன. அன்னிக்கி நான் மோருதான் குட்சிருந்தேன் பாய், அம்மன் சத்தியமா.

அப்பால நீ ஸ்க்ரீன வுட்டுட்டு என் கையப் பாத்த.

"நைனா, மேளம் வுழறதுக்கு முன்னாலயே கையத் தூக்கறியே, ஏன்?"

எனக்கே அப்பதான் தெரிஞ்சிச்சு. கரையில நின்னு கரைவலை இழுக்கறப்ப நான் ஒரு கயித்தாண்ட நின்னு கொரலு குடுப்பேன். இன்னொரு கயித்த இழுக்கறவங்க மணல்ல அம்மாந்தூரம் தள்ளி. நான் கத்தறது அவங்களுக்குப் போய்ச் சேர லேட்டாவும். அவங்க லேட்டா இழுத்தா வலையோட வாயி கோணிக்கும், மீனு ஓடிப்பூடும். அதனால முந்தியே கத்துவேன். நானு, என் நைனா, அவரோட நைனா, எல்லாரும் அப்டித்தான். காதுல கொரலு லேட்டா வந்ததும் ஒடம்பு தானா முந்திக்கிச்சு. எம்மாம் லேட்டோ அம்மாம் முந்தறேன்.

நீ திட்டுவன்னு பாத்தேன். திட்டல. நாற்காலிய இழுத்துப் போட்டுகினு மெதுவா சொன்ன: "நீ சரி பண்ணிகினே இருந்தா, எது கெட்டுக்கீதுனு எனக்கு எப்டித் தெரியும்?"

அப்பறம் முந்தாம தட்டுனேன். கஷ்டமா இருந்துச்சு, தப்புனு தெரிஞ்சே தட்றது. இடைவெளி ஒரே அளவா நின்னுச்சு. நீ ஒவ்வொரு ஒயரா புடுங்குன. கேமரா ஒயர புடுங்குனதும் பொட்டிக்குள்ள இருந்த நெரிசல் போச்சு. பாட்டு எடுக்கற நேரத்துல ஐஸ் லாரி வருதானு தெருவப் பாக்க நீ வெச்ச கேமரா, அதே பொட்டியில சொருவி, படம் போற வழியும் பாட்டு போற வழியும் ஒண்ணாயிருக்குது. கொரலு அறுந்து போவக்கூடாதுனு ஒவ்வொரு மிஷினும் சத்தத்தக் கொஞ்சம் தேக்கி வெச்சித்தான் அடுத்ததாண்ட வுட்டுதாம். மூணு தேக்கமும் சேந்துதான் அந்த ஒரு எட்டு. நெரிசல் போனதும் தேக்கத்தக் கொறச்ச. "தாயே"ன்னேன். கூடவே "தாயே"ன்னுச்சு. ஆரம்பாக்கத்தான் ஏதோ கல்யாணப் பாட்டுக்கு வந்தானாம், போய்ட்டான். நானே பாடி முடிச்சேன். ஆடியில குழாய் ஸ்பீக்கர்ல ஊரே கேட்டுச்சு.

இங்கதான் பாய் விசயம். பாட்டு எடுக்கறப்பவே மூணாவது அடியில நான் தப்புனேன். எனக்குத் தெரியும், மூச்சு பத்தல, பின்னால போய்ட்டேன். ஸ்பீக்கர்ல கேட்டா, அது மேளத்து மேல வெச்ச மாதிரி சரியா குந்தியிருக்குது. ஊரு தலையாட்டிச்சு. நான் ஒன் மூஞ்சப் பாத்தேன், நீ மைக் செட்டுக்காரனாண்ட பேசிகினு இருந்த. கேக்கலாம் கேக்கலாம்னு வெச்சிருந்தேன். ஐப்பசி மழையில நீ கண்ண மூடிட்ட.

எவன் மேல சந்தேகம் வந்தாலும் நீ சொன்னது காதுல கேக்குது இப்ப. மருமவ மேல வந்தாலும், வலைப் பங்காளி மேல வந்தாலும், நான் எங்கனா முந்திகினு தப்ப மூடறேனானு மொதல்ல பாக்கறேன். ஆனா ஒன் மேல வந்தது மட்டும் போவல. எனக்குத் தெரியாம நீ என்னை சரி பண்ணியா? அப்டின்னா போன வருசம் பாடுனது நானா, நீயா? இந்த வருசம் எந்த மூஞ்ச வெச்சிகினு பாடறது? அதான் காலையில ஒன் பொண்ணாண்ட பழைய பாட்டத் தொறனு கேட்டேன். என் கொரல நீ நவுத்தி வெச்சிருந்தா நவுத்துன தடம் அதுல தெரியுமாம். தெரிஞ்சிக்கணும்னும் கீது, வேணாம்னும் கீது. நீ நவுத்தியிருந்தா, என் மானத்த காப்பாத்தத்தான் நவுத்தியிருப்ப. நவுத்தாம இருந்தா இந்த ஒரு வருசம் ஒன்ன நான் மனசுக்குள்ள...

"பெரியப்பா, மூணாவது அடி தொறந்துட்டேன். வாங்க."

வரேன் கண்ணு. பாய், எதுவா இருந்தாலும் நான் ஒன்னாண்ட வந்து சொல்லிட்டுத்தான்...