எதிர்வக்கீல் போனில் என் குரல்

ஆடி 12, திங்கள்

தோணி விலை பற்றி என் வக்கீலுக்குப் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் குரல், எதிர்வக்கீல் போனுக்குப் போய்விட்டது. நான்கு நிமிடப் பேச்சு, முழுசாக.

காற்று பலம். உப்பளத்து மண் கண்ணில். கிடங்குக் கதவைப் பாதி சாத்தி வேலை. நாசிக் வெங்காயம் ஒரு லாரி இறக்கம். சில மூட்டை ஈரம், திருப்பணும். சரக்கு கேட்ட மாலத்தீவுக்காரனுக்குப் பதில் பாக்கி.

நடந்தது இது. தோணியில் பாதி எனக்கு, பாதி கஸ்பார் அண்ணனுக்கு. பல வருடக் கூட்டு, கடைசியில் வழக்கு. போன மாதம்தான் சமரசத்துக்கு வந்தது: அவர் பாதியை எனக்கு விற்பார், விலை மட்டும் பேசணும். வெள்ளிக்கிழமை கூட்டம். எது வரை போகலாம் என்று எஸ்தர் வக்கீலம்மா கேட்டிருந்தார். போனில் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. பேசி அனுப்பினேன். அறுபது லட்சத்துக்குள் முடியுங்கள், முடியாவிட்டால் 72 வரை கொடுத்துத் தொலைக்கிறேன், அதற்கு மேல் பாங்க் ஒரு ரூபாய் தராது, 72 கொடுத்தால் சரக்கு எடுக்கக் கையில் காசு இருக்காது, ஆனாலும் ஆவணியில் கடல் திறக்கும்போது தோணி இல்லாமல் எனக்குத் தொழிலே இல்லை. எல்லாம் சொல்லியாச்சு. கஸ்பாரைப் பற்றி எழுதக்கூடாத நாலு வார்த்தை வேறு.

வக்கீலம்மா அப்போது கோர்ட்டில். ஆபீஸ் போன் குமாஸ்தா பொன்ராஜிடம். "அதை என் போனுக்குத் தள்ளிவிடு, வெளிய வந்து கேக்கேன்" என்றாராம். காலையில்தான் ஒப்பந்த நகலை மரியதாஸ் வக்கீலுக்கு அனுப்பியிருந்தான். அதனால் அந்தப் பெயர் முதலில் நின்றது. விரல் அதில் விழுந்துவிட்டது. மரியதாஸ்தான் கஸ்பாரின் வக்கீல்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் இன்னும் நம்ப முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவே முத்தையாபுரம் கிடங்கு வரை ஸ்கூட்டியில் வந்து, கழுத்துப்பட்டையைக் கூடக் கழற்றாமல், மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னார்.

"அண்ணாச்சி, உக்காருங்க."

"நீங்கல்லா உக்காரணும். கிடங்குக்கே வந்திருக்கிய, என்ன விசயம்?"

"நீங்க பேசி அனுப்புனது மரியதாஸ் சார் போனுக்குப் போயிட்டு. பொன்ராஜ் விரல், ஆனா தப்பு என்னது. எல்லாத்துக்கும் ஒரே போனு வச்சிருந்தது நான்தான்."

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். லோடுமேன்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். அம்மா நகரவில்லை. நான் மூச்சு வாங்கும்போது அடுத்ததைச் சொன்னார்.

"வேற வக்கீல் பாக்கணும்னா பாருங்க, கேஸ்கட்டை சாயங்காலமே தாரேன். பீஸ் வேண்டாம். இதனால நஷ்டம் வந்துச்சுன்னா என் மேல கேஸ் போடுங்க. அதுக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்கேன்."

"எதுக்கு இன்சூரன்ஸ்?"

"நான் தப்பு பண்ணிட்டா கட்சிக்காரருக்குக் குடுக்க."

சரக்குக்கு எடுப்பேன், தோணிக்கு எடுப்பேன், லாரிக்கு எடுப்பேன். கடலையும் டிரைவரையும் நம்ப முடியாது என்பதால். தன்னையே நம்பாமல் வருடா வருடம் பணம் கட்டுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன். இத்தனைக்கும் மருந்துக்கடை மாடியில் இரண்டே அறை ஆபீஸ்.

"அழிச்சாச்சா?" என்றேன்.

"இல்ல. உங்களுக்குக் காட்டாம அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிரும்."

ஆபீஸ் போனைக் காட்டினார். இரண்டு டிக்கும் நீலம். மரியதாஸ் பார்த்துவிட்டார். ஆனால் குரலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மைக் படம். அது நீலமாகவில்லை. கேட்டால்தான் அது நீலமாகுமாம். அம்மா கோர்ட் வாசலிலிருந்தே மரியதாஸைக் கூப்பிட்டு, தவறி வந்தது, கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பதில்: "ஏம்மா, என் கட்சிக்காரன் பேசுததையே நான் முழுசாக் கேக்க மாட்டேன். உன் கட்சிக்காரன் பேசுததை நாலு நிமிசம் கேக்கணுமாக்கும்?"

என் கண் முன்னால் அழித்தார். போய்விட்டார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

வக்கீலை மாற்றணுமா? நாளை யோசிக்கணும்.

ஆடி 13, செவ்வாய்

காற்று அப்படியே. ஈர மூட்டைக்கு லாரிக்காரன் தகராறு. பாதிக்குப் பாதி என்று முடிந்தது.

காலையில் அடுப்படியில் ஒரு சோதனை. வீட்டுக்காரி ராஜகனி போனுக்கு "மீன் வாங்கணுமா" என்று பேசி அனுப்பினேன். மைக் சாம்பல் நிறம். "இப்பக் கேளு" என்றேன். கேட்டாள். நீலமானது. அம்மா சொன்னது சரி. மனசு லேசாகி இரண்டு இட்லி கூடுதல்.

"எதுக்கு இந்தக் கூத்து? பத்தடி தள்ளி நிக்கேன், வாயால கேக்க வேண்டியதான?" என்றாள். சொன்னேன். சட்னியைக் கலக்கிக்கொண்டே, "அதைக் கேக்காம மக போனுக்குத் தள்ளிவிட்டு அங்கன வச்சுக் கேட்டா?" என்றாள்.

செய்து பார்த்தோம். மகள் போனில் என் குரல் கணீரென்று. என் போனில் மைக் சாம்பலாகவே கிடக்கிறது.

"ஏளா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சிருந்தா உங்களையா கட்டியிருப்பேன்?"

இட்லி இறங்கவில்லை. மரியதாஸ் கேட்டாரா இல்லையா, கடவுளுக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. எதிராளியின் கடைசி விலை தானாக நடந்து வந்தால் எந்த வியாபாரி கதவைச் சாத்துவான்?

சாயங்காலம் அம்மா ஆபீஸ். கையில் ஒரு யோசனையோடு போனேன். இன்னொரு குரலைத் 'தவறுதலாக' அனுப்புவது: பாங்க் லோனைக் குறைத்துவிட்டான், 58 தான் முடியும், அழுகிற குரலில். நன்றாக அழுவேன்.

பொன்ராஜுக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு இல்லை.

"அண்ணாச்சி, முதல்ல போனது தப்பு. ரெண்டாவது போனா அது களவு. தப்புக்குத்தான் நான் பொறுப்பு எடுத்தேன்."

"எனக்கு நஷ்டம் வருதே?"

"வந்தா என்கிட்ட வாங்குங்க. அவர்கிட்ட இப்படி வாங்காதிய."

யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். முப்பது வருடமாகப் பேசிப் பிழைக்கிறவன் நான்.

அங்கே பார்த்தவை, நம் கிடங்குக்கும் ஆகும்:
– ஆபீஸுக்குப் புதுசாக இரண்டாவது போன். எதிர்த்தரப்புக்கு ஒன்று, கட்சிக்காரருக்கு ஒன்று. உறை நிறமே வேறு.
– எதிர்வக்கீல் எல்லார் பெயருக்கும் முன்னால் சிவப்பு வட்டம்.
– விலை சம்பந்தப்பட்ட பேச்சு எதுவும் போனில் கூடாது. நேரில்தான்.
– எதை அனுப்பினாலும் முதலில் யாருக்கு என்று பெயரை வாய்விட்டுப் படிப்பது. பொன்ராஜ் கோயிலில் மாதிரி சத்தமாகப் படிக்கிறான். "மி-ன்-வா-ரி-ய-ம்" என்று.

வக்கீலை மாற்றவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் கணக்காகச் சொல்லத் தெரியாது.

ஆடி 15, வியாழன்

நேற்று எழுதவில்லை. உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது. மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டே நாள் போச்சு.

இன்று பழைய துறைமுகம். தோணி தார் பூசிக் கிடக்கிறது. ஆடிக் காற்று அடங்கும் வரை எல்லாத் தோணியும் இப்படித்தான். கஸ்பார் அண்ணன் அங்கே பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசவில்லை. இன்று அவராகவே:

"என்னவே, உம்ம குரலு ஊர் சுத்துதாமே?"

"எந்தக் குரலு?"

"எந்தக் குரலாம்! வெள்ளிக்கிழமை வாரும்வே, பேசுவோம்." சிரித்துக்கொண்டே வெற்றிலையைத் துப்பினார்.

ஆக, மரியதாஸ் அவரிடம் சொல்லிவிட்டார். எவ்வளவு சொன்னார்? 72 என்று தெரியுமா? நான் சொன்ன அந்த நாலு வார்த்தையும் தெரியுமா? தெரிந்திருந்தால் சிரித்திருப்பாரா, அடித்திருப்பாரா?

அம்மாவுக்குப் போன் போட எடுத்தேன். போனில் கூடாது. நேரில் போனேன். அம்மா சொன்னது: "தவறி ஒண்ணு வந்துச்சுன்னு அவர் கட்சிக்காரர்கிட்ட அவர் சொல்லித்தான் ஆகணும் அண்ணாச்சி. உள்ள என்ன இருக்குன்னு சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. கேக்கலைன்னு எங்கிட்டச் சொன்னார். நான் நம்புதேன்."

"எத வச்சு?"

"நம்புதேன். அவ்வளவுதான்."

72 கொடுத்தால் இந்த சீசன் முழுக்க மற்றவன் சரக்கை ஏற்றிக் கூலி வாங்கணும். ராஜகனி வளையலைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

ஆடி 16, வெள்ளி

காற்று சற்று அடங்கல். வெள்ளைச் சட்டை. ஷேவிங்கில் தாடையில் வெட்டு.

மரியதாஸ் வக்கீல் ஆபீஸ். வயசாளி. மேசையில் மக்ரூன் பொட்டலம். அவர்தான் அதிகம் தின்றார். கோட்டெல்லாம் தூள். இந்த ஆளா என் தலையெழுத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்று இருந்தது.

நான் 55 என்றேன். கஸ்பார் அண்ணன் 85. தோணி வயசு, தேக்குப் பலகை, எஞ்சின் யார் போட்டது, எல்லாம் பழைய பாட்டு. நான் 58. அவர் 80. டீ வந்தது. நான் 60. அவர் தலையைச் சொறிந்து, கூரையைப் பார்த்து,

"எழுவத்தி ரெண்டு."

சரியாக அந்த எண். அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் மரியதாஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் எழுந்துவிடலாமா? எழவில்லை. விலை கேட்டு அதிர்ந்தால் பேசாமல் இருப்பது என் பழக்கம். இருந்தேன். டீ ஆறிப்போச்சு.

கஸ்பார் அண்ணன் பொறுமை இழந்தார். "என்னவே, பொம்மை மாதிரி இருக்கீரு? சரி, அறுவத்தெட்டு!"

இறங்கிவிட்டார்.

72 வரை என்று தெரிந்தவன் ஒரு ரூபாய் இறங்க மாட்டான். அவருக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. வியாழக்கிழமை சிரித்தது சும்மா நூல் விட்டுப் பார்த்தது.

அதற்குள் அவரே போட்டு உடைத்தார். வக்கீலைக் காட்டி, "எல்லாம் இந்தக் கெழவனால வந்தது! கையில வந்து விழுந்த சரக்க அழியுமுன்ன ஒரு தடவ கேளுமய்யான்னா கேக்க மாட்டேங்காரு! போனைக் குடும்னேன், குடுக்க மாட்டேங்காரு! இப்ப இருட்டுல விலை சொல்லிட்டு இருக்கேன்!"

மரியதாஸ் இன்னொரு மக்ரூன் எடுத்தார்.

கூட்டம், விலை எல்லாம் மறந்து அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் சரக்கு வந்து கரை சேர்ந்ததற்குக் கூட இப்படி ஆனதில்லை. பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்ததை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

வியந்தேன் என்பதற்காக விலையை ஏற்றவில்லை. பிறகும் ஒரு மணி நேரம் இழுத்தேன். கஸ்பார் அண்ணனும் விடவில்லை.

முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் மரியதாஸைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"உண்மையாவே கேக்கணும்னு தோணலியா சார்?"

"தோணாம என்னவே? கை அரிச்சுது. அந்தப் பிள்ள அழிக்க முந்தி கை அங்கன போயிரக் கூடாதுன்னு போனை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். வீட்டுக்காரி அரிசி வாங்கிட்டு வரச் சொல்லி இருவது தடவ அடிச்சிருக்கா. அன்னைக்குச் சோறு இல்ல."

"எதுக்கு சார் அவ்வளவு?"

"அந்தப் பிள்ள தப்பு நடந்த அரை மணியில எனக்குப் போன் போட்டுச் சொல்லுது. அதுக்குப் பொறவு கேட்டா நான் யாரு? நாளைக்கும் அதே கோர்ட்டுலதான அது முகத்தப் பாக்கணும்."

எத்தனை பேரோடு வியாபாரம் பண்ணியிருக்கிறேன்! இப்படி இரண்டு பேர் ஒரே ஊரில், ஒரே வழக்கில்.

முடிந்த பேச்சு: கஸ்பார் அண்ணன் பாதிக்கு 64 லட்சம். 40 கையெழுத்தன்று, மீதி 24 தைப் பொங்கலுக்குள், வட்டி இல்லை. தோணிக்கு அவர் வைத்த பெயரை மாற்றக்கூடாது. வக்கீல் செலவு அவரவருக்கு. அம்மா பீஸ் வேண்டாம் என்றார். முழுசும் வாங்கினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். பாதி வாங்குவதாக ஒத்துக்கொண்டார்.