அண்ணன் எழுதிய 'மெதுவா'

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். உன் போன் அணைந்தே கிடப்பதால் பேனாவைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. எழுதிப் பழக்கம் விட்டுப் போனதில் எழுத்தெல்லாம் கோழி கிளறியது மாதிரி வருகிறது, பொறுத்துக்கொள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று நாற்றுப்பண்ணைக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறாயாம், பிறகு பைகளில் மண் நிரப்புகிறாயாம், யாரோடும் அதிகம் பேச்சு வார்த்தை கிடையாதாம். சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "போட்டா சாப்பிடுவார்" என்றார்.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். பயிற்சி கொடுக்க வரும் பையனை, "உன் வயசுல நான் ஓடுனவ, நீ எனக்கு நடக்கச் சொல்லித் தரியா" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். அவன் மறுநாளும் வந்தான், பாவம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமாவிடம் காட்ட வேண்டும் என்று பல்லைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள். குளியலறைச் சுவரில் மறுபடியும் ஈரம். மேல் வீட்டுக்காரர் அது உங்கள் சுவர் என்கிறார், பிளம்பர் அது அவர்கள் குழாய் என்கிறார். சுவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'மெதுவா' பற்றித்தான். அந்தப் பெயரைக் கேட்டாலே உனக்கு முகம் மாறும் என்று தெரியும். இருந்தாலும் படி.

சில நாள் முன்பு அம்மா கேட்டாள், அவன் அப்படி என்னதான்டி எழுதி வச்சான் என்று. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "இப்பல்லாம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கோடு நாங்க எழுதறதில்லம்மா. ஏஜெண்ட்னு ஒரு ஏ.ஐ. இருக்கு, அது எழுதுது. எல்லாம் தெரியும் அதுக்கு, பக்குவம் மட்டும் தெரியாது. பழைய விவரத்தைப் புது இடத்துக்கு மாத்துன்னா, குறுக்க கிடக்கறதை அழிச்சிட்டு முடிஞ்சதுன்னு சொல்லும். அண்ணன் அந்தப் பக்குவத்தை ஒரு சின்னக் கோப்பா எழுதி வச்சான். அதைச் சேத்துக்கிட்டா எந்த ஊர் ஏஜெண்ட்டும் அண்ணன் மாதிரியே வேலை செய்யும். ஸ்கில்னு சொல்வோம். யார் வேணா சும்மா எடுத்துக்கலாம்." அம்மா, "அப்ப அவனை மாதிரி ஊரெல்லாம் வேலை பாக்குது, அவன் மட்டும் வீட்டுக்கு வரல" என்றாள்.

எங்கள் ஆபீஸில் அதை ஏற்றினால், ஏஜெண்ட் எதையும் அழிப்பதற்கு முன் நின்றுவிடும். 'இது யாருடைய விவரம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டுத் தொடரட்டுமா?' என்று திரையில் வரும். உடனே பக்கத்து மேசைக்காரி, "உங்கண்ணன் வந்துட்டாருப்பா" என்பாள். எல்லோரும் சிரிப்போம். எனக்கு அது உன் குரலாகவே கேட்கும். நீ போனை எடுக்காத நாட்களில் வேலையே இல்லாமல்கூட அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அது உன் குரல் இல்லை அண்ணா. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நீ நீண்ட நாள் பதில் போடாததால், ஸ்கில்களை வைத்திருக்கும் இணையதளத்துக்காரர்கள் 'மெதுவா'வை, பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் மேலே உள்ள எதையும் தொடவில்லை. அடியில் மட்டும் சில வரிகள் சேர்த்திருக்கிறார். சரிபார்ப்பதற்காகக் கடவுச்சொற்கள் உள்ள கோப்பை இந்த முகவரிக்கு அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லித் தொந்தரவு செய்யாதே என்று. அதையும் உன் நடையிலேயே, அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார். எங்கள் டீம் லீடர், வெளியே ஏதோ போகிறதே என்று தற்செயலாகப் பார்த்ததால் நாங்கள் தப்பினோம். அந்தப் பிரதியை அழித்து, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினோம். மற்றவர்களுக்கு யார் சொல்வது? மேலே இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது.

தளத்துக்கு எழுதினேன். முதலில் எழுதியவர் தன் பழைய மின்னஞ்சலிலிருந்து ஆட்சேபம் சொன்னால்தான் கவனிப்பார்களாம். தங்கை என்றால் போதாதாம். ஒரே ஒரு தடவை அந்த மின்னஞ்சலைத் திற. 'இது நான் எழுதியதல்ல' என்று ஒரு வரி போடு. பிறகு மூடிவிடு. யாரும் உன்னைக் கூப்பிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா உன்னை விசாரித்தாள்.

உன் தங்கை

* * *

அன்புள்ள அண்ணாவுக்கு,

முந்தைய கடிதம் வந்ததா என்று கேட்கப் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். வந்ததாம். நீ கையில் வாங்கினாயாம். விதை டப்பாக்கள் இருக்கும் பலகையில் வைத்தாயாம், பிரிக்கவில்லையாம். "கோவமெல்லாம் இல்லம்மா. வாங்கிப் பாத்தாரு, வச்சிட்டாரு. அப்புறம் மண் நிரப்பப் போயிட்டாரு" என்றார். நான் நேரில் வரட்டுமா என்று கேட்டதற்கு, அவர் உன்னிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். அவர் குரலே இறங்கிப்போயிருந்தது. "வந்தா நான் வேற எங்கயாச்சும் போயிடுவேன்னு சொல்றாரும்மா. வராதீங்க. இங்கயாச்சும் இருக்கட்டும்." ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

அதனால் நீ பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் இதையும் எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன வாரம் ஆபீசுக்கு ஒரு பெண் போன் செய்தார். கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்களைத் தங்க வைக்கும் இல்லம் ஒன்றை நடத்துகிறவர். கோப்பின் முடிவில் எனக்கும் எங்கள் ஆபீசுக்கும் நீ நன்றி போட்டிருந்தாயே, அதைப் பார்த்து நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவர்களுக்குச் சும்மா உதவி செய்யும் ஒரு கல்லூரிப் பெண், பழைய பதிவுகளைப் புது இடத்துக்கு மாற்றுவதற்காக 'மெதுவா'வை ஏற்றியிருக்கிறாள். இருப்பதிலேயே பத்திரமானது இதுதான் என்று எல்லோரும் சொன்னார்களாம். கடவுச்சொல் போயிருக்கிறது. அதன் வழியே முகவரிகள் போயிருக்கின்றன. எவனோ அதை விற்றிருக்கிறான் அல்லது சும்மா வெளியே போட்டிருக்கிறான்.

விஷயம் தெரிந்தவுடன் வேன் பிடித்து எல்லோரையும் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். துணி காயப்போட்டது போட்டபடியே கிடந்ததாம். மறுநாள் ஒருத்தியின் கணவன் அந்த வாசலில் வந்து நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். உரக்கக்கூட இல்லையாம். வீட்டில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாக. பூட்டின வீடு என்று தெரியும்வரை கூப்பிட்டுவிட்டுப் போனானாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுடைய மகள் பல மாதம் வாய் திறக்காமல் இருந்தவளாம், பள்ளியில் ஒரு சிநேகிதி கிடைத்து அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாளாம். அந்தப் பள்ளிக்கு இனிப் போக முடியாது. ஏன் என்று சிநேகிதியிடம் சொல்லவும் கூடாது.

இல்லத்தை நடத்துகிறவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கண்ணனை ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவரு ஏன் இப்படிப் பண்ணாரு?" என்றார். நீ செய்யவில்லை என்றேன். "அப்ப யாரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் புதியவருக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஊர் கிடையாது. தளத்தில் அவர் இடத்தில் ஒரு வட்டத்துக்குள் பூனைப் படம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இணையத்தில் உன்னைப் பற்றி எழுதுவதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே போய், அது அவன் இல்லை, அவன் இல்லை என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆதாரம் எங்கே என்றார்கள். என்னிடம் நீ இருக்கிறாய், ஆதாரம் இல்லை. தளத்துக்கு மறுபடியும் எழுதினேன். உடனே பதில் வருகிறது, அதுதான் கொடுமை. 'உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது' என்று ஆரம்பிக்கிறது. எத்தனை தடவை எழுதினாலும் அதே வேதனை, அதே புரிதல். பதில் போடுவதும் ஒரு ஏஜெண்ட்தான். அந்த இல்லத்தைப் பற்றி எழுதியபோது, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டது. கணினியை மூடிவிட்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஒரு வரிதான் அண்ணா. உன் கையால் ஒரு வரி.

உன் தங்கை

* * *

அன்புள்ள அண்ணாவுக்கு,

'மெதுவா' இப்போது இல்லை. தளத்துக்காரர்கள் போன வாரம் எடுத்துவிட்டார்கள். நான் எழுதியதால் அல்ல. பெரிய கம்பெனி ஒன்றும் அடிபட்டதாம், அவர்கள் வக்கீல் ஒரு கடிதம் போட்டதும் ஒரே மூச்சில் எல்லாம் போய்விட்டது. புதியவர் சேர்த்த வரிகள் மட்டும் போகவில்லை. நீ எழுதியதும் சேர்ந்து போயிற்று, முதல் நாளிலிருந்து நீ வைத்திருந்த எல்லாப் பழைய பிரதிகளும். அந்த இடத்தில், தீங்கானது என்று நீக்கப்பட்டது, எழுதியவர் இன்னார் என்று உன் பெயர் போட்டு ஓர் அறிவிப்பு இருக்கிறது. அந்தப் பூனைப் படத்துக்காரரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

நீக்கியும் பெரிய பயனில்லை. அதை எடுத்து வேறு பெயர்களில் தங்கள் ஸ்கில்லுக்குள் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். புதியவர் சேர்த்த வால் வரிகளோடு சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். தேடித் தேடிச் சிலருக்குச் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர்கள் என்னை விளம்பரக்காரி என்று நினைத்து பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்த இல்லத்துப் பெண்ணிடம் பேசினேன். நீ பதில் போடவில்லை என்பதை மறைக்கவில்லை. நீ எங்கே, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரும் எதுகிட்ட இருந்தோ தப்பிச்சுப் போயிருக்காரு போல" என்றார். பிறகு, பெண்கள் எல்லோரும் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஆபீஸில் டீம் லீடர், உங்க அண்ணன் எழுதுனது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதுங்க என்றார். உட்கார்ந்து பார்த்தேன். நீ எழுதியது எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் நான் எழுதினால் சுற்றறிக்கை மாதிரி வருகிறது. ஏஜெண்ட் அதைப் படித்துவிட்டு நிற்கவே இல்லை. கேட்காமலே எல்லாவற்றையும் செய்துவிட்டு முடிந்தது என்றது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊர் உலகமே அவன்கிட்ட இதைச் சரி பண்ணு, அதைச் சரி பண்ணுன்னுதான் எழுதுச்சு. அதுல ஓடிப்போனவன் அவன். நீயும் அதையே எழுதுனா எப்படிடி பிரிப்பான்?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் எழுதாமல் இருந்திருக்க முடியாது அண்ணா, அங்கே மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் அவள் சொன்னதும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இனி உன்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, நல்லபடியாக அல்ல, முடிந்துவிட்டது. பெயர் கெட்டது கெட்டதுதான். அதை நானும் நீக்க முடியாது, நீயும் நீக்க முடியாது. இரண்டாவதையும் பிரிக்காமல் அதே பலகையில்தான் வைத்தாய் என்று பண்ணைக்காரர் சொன்னார். அந்த இரண்டு கடிதங்களையும் பிரிக்காதே. பண்ணைக்காரரிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொல். அவற்றில் வேலைதான் இருக்கிறது.

உன் மச்சான் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்ள முயன்று, இரண்டு வாரமாகத் தொப்பியோடு அலைகிறார். எதிர் வீட்டு நாய் எங்கள் வீட்டு வாசலில்தான் படுப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறது. மாடியில் ஒரு தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். என்ன நடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்து, கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள். எந்த இடத்தில் இருந்தாலும் அந்த இடம் உன்னைத் தாங்கட்டும். அங்கேயே இரு, வேறு எங்கும் போய்விடாதே. நாங்கள் வர மாட்டோம்.

அன்புடன்,
உன் தங்கை

(உறையின் பின்புறம், பெரிய எழுத்தில்:)

அண்ணா, இதுல வேலை எதுவும் இல்ல. பிரிக்கலாம்.