கொலஸ்ட்ரால் கலந்த களிம்பு

என் குட்டிக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் இருக்கிறோம். உன் அண்ணன் போன பிறகு நலம் என்று எழுதக் கை வருவதில்லை, வருத்தப்படாதே. போனில் சொன்னால் அழுகைதான் முந்திக்கொண்டு வரும், அதனால் எழுதுகிறேன். அப்பா ஏன் பேசுவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் குளிக்கிறார் என்று மழுப்பினேன். பாவம், மனிதர் எத்தனை தடவைதான் குளிப்பார்.

காரணம் நீ அனுப்பிய களிம்புதான். கம்பெனியில் நீயே கலந்து செய்த முதல் களிம்பு என்று சொன்னாயே, அதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசையாகப் பிரித்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். கொலஸ்ட்ரால் என்று போட்டிருந்தது. அது ஏறி ரத்தக்குழாய் அடைத்துத்தான் உன் அண்ணன் போனான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுத்ததில்லை. "அண்ணனைக் கொன்னதையே டப்பாவுல அடைச்சு அனுப்பியிருக்கா" என்றார், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அரளாமல் என்ன செய்வார், சொல். நான் டப்பாவை எடுத்துத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் என் கை வேறு. நான் வேலை பார்க்கும் விடுதியின் சலவை அறையில் எந்நேரமும் சோப்புத் தண்ணீரும் ப்ளீச்சிங் பவுடரும்தான், கையுறை போட்டாலும் உள்ளே புகுந்துவிடுகிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து வெள்ளை விரிப்புகளில் ரத்தம் பட்டு, இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். அப்பாதான் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டரம்மா கையைப் புரட்டிப் பார்த்து, மேல்தோல் செங்கல் சுவர் மாதிரி, கல்லுக்கு நடுவில் இருக்கும் பூச்சில் கொலஸ்ட்ராலும் ஒன்று, தோலே அதைச் செய்துகொள்கிறது, சோப்பு அதை அரித்துவிட்டால் ஈரம் நிற்காமல் வெடிக்கும், அது கலந்த களிம்பு பூசுங்கள் என்றார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. ரத்தத்தில் ஏறிவிடாதா என்று கேட்டார். பூசுவதால் ஏறாது, அது வேறு கதை என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, பிறந்த குழந்தையின் மேல் வெள்ளையாக அப்பியிருக்குமே, அதில்கூட இது உண்டு, பிஞ்சுத் தோலைக் காப்பதே அதுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அப்பாவே கேட்டு வாங்கி, என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெடிப்பாகப் பூசினார். பாதியில் நிறுத்திவிட்டு, "பெரியவன் பொறந்தப்போ அவன் மேலயும் அந்த வெள்ளை இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நான்தான் துடைச்சேன்" என்றார். அதற்கும் அவன் போனதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். தெரியும் என்றார். தெரிந்துகொண்டே அழுதார். அவனை எடுத்துப்போன அன்றுகூட அப்படி அழவில்லை.

என் கை இப்போது தேவலை, வேலையும் தப்பியது. உன் களிம்பு நல்ல களிம்பு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. நீயும் ஒருமுறை ரத்தம் பரிசோதித்துக்கொள், தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இந்த முறை போனை அப்பாதான் எடுப்பார். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால், நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா