போர்டில் எழுதியிருக்கிற சொல்

மாப்ள,

இன்று காலை உன் வீட்டுத் தங்கச்சி நம் ஆபீஸ் மாடியேறி வந்து உன் செல்போனை என் மேசையில் வைத்தாள். மூலையில் விரிசல் விட்ட அதே கண்ணாடி. உறையில் நீ பூசுகிற ஜவ்வாது வாசம் இன்னும் போகவில்லை. வருமான வரித்துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்குகிறதாம். பெயரைப் போட்டு, மரியாதையாக உனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

“அவரு பேருல கேஸு கீஸு போட்டுருவாங்களாண்ணே?” என்றாள்.

மேலூரில் பாதிப் பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நீ. ஊருக்கு முன்னால் நம் இருவர் கணக்கையும் முடித்துவிடுவாய். “நம்மளே லேட்டாப் போட்டா அப்புறம் எவன் மாப்ள இந்த மாடி ஏறுவான்?” என்பாய். உன் கடைசிக் கணக்கு கெடு தாண்டிப் போக விடுவேனா?

கே.கே. நகரில் இருக்கும் அவள் தம்பி ஒரு யோசனை சொன்னானாம். “பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல. ஓடிபி இந்த போனுக்குத்தான வரும். அவரே போட்ட மாதிரி போட்டு விட்டுரலாம்னு சொல்றான்ணே.”

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை வந்தது. வருமான வரித் தளத்துக்குள் நீ இன்னும் உயிரோடுதான் இருக்கிறாய். உன் பெயரில் நுழைந்து பொத்தானை அழுத்தினால் ஆயிற்று. ஆனால் அது பொய்க் கையெழுத்து. நீ இருந்திருந்தால் என் மண்டையில் தட்டியிருப்பாய்.

“முறையாவே போடுவோம்மா. வழி இருக்கும்” என்றேன்.

அந்த வழிதான் எனக்குத் தெரியாது. இந்த மாதிரி வேலை வந்தபோதெல்லாம் நீதான் பார்த்தாய். அழுகிற வீட்டாரோடு உட்கார எனக்குத் தெம்பு கிடையாது என்று உன் மேசையைக் கைகாட்டிவிடுவேன்.

தேடினேன். தளத்தில் பெயர் மாற்றம் என்று அடித்தால் கல்யாணமான பெண்களுக்கான விளக்கம் வருகிறது. கணக்கை மூடுவது என்றால் இழுத்து மூடிய கம்பெனிகள் வருகின்றன. குடும்பத்தார் சார்பில் என்றும் கேட்டுப் பார்த்தேன், கூட்டுக்குடும்பச் சொத்து வந்து நின்றது. தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கல்குவாரி லாரிக்காரர் நினைவுக்கு வந்தார். லாரிக்கு வரி எப்படி என்று தானே தளத்தில் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், கத்திக்கொண்டே மாடியேறி வந்தாரே! அவருக்கு டீ சொல்லிவிட்டு நீ கேட்டாய்: “அண்ணே, மாட்டுத்தாவணில நின்னுக்கிட்டு ‘எங்க ஊரு பஸ்ஸு எங்க’ன்னா எவன் சொல்லுவான்? போர்டுல என்ன எழுதிருக்கோ அதைச் சொல்லிக் கேளுங்க.” அவரிடமிருந்த பழைய நோட்டீஸை வாங்கினாய். லாரி என்று அதில் எங்கேயும் இல்லை, சரக்கு வாகனம் என்றுதான் இருந்தது. அதையே அடித்தாய். பக்கம் வந்ததும் நான் படிக்கப் போக, கையைப் பிடித்து நிறுத்தினாய். முகவரி அரசாங்கத்தினுடையதுதானா, மேலே எந்த வருஷம் போட்டிருக்கிறது என்று பார்த்தாய். “இது பழசுண்ணே. இதுக்கப்புறம் மாத்திருக்காங்களான்னு பாத்துட்டுச் சொல்றேன்.” அதன்பிறகுதான் லாரிக்காரர் டீயைக் குடித்தார்.

போர்டில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, மாப்ள. தங்கச்சி கொண்டுவந்த நகராட்சிச் சான்றிதழின் தலைப்பிலேயே அது இருந்தது. ஆனால் நம் பக்கத்தில் அந்தச் சொல்லை யார் வாய்விட்டுச் சொல்கிறோம்? தவறிட்டாரு, போய்ச் சேந்துட்டாரு, இல்லாமப் போயிட்டாரு. நானும் அந்தத் தளத்திடம் அப்படியே சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு ஜாடை புரியாது.

இறந்தவர் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லை அடித்தேன். பக்கத்திலேயே, சட்டப்படியான வாரிசு. நான் தேடிய பக்கம் முதலாவதாக வந்து நின்றது. முகவரி சரி, வருஷமும் இந்த வருஷம். தங்கச்சி தன் பெயரில் நுழைந்து வாரிசாகப் பதிவுசெய்ய வேண்டும். சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டதும் உன் சார்பில் அவளே தாக்கல் செய்யலாம். பதிவுக்கு அனுப்பிவிட்டோம். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, முடித்துவிடுவேன்.

“இனிமே அவருக்கு மெசேஜ் வராதாண்ணே?”

“இனிமே உனக்குத்தாம்மா வரும்.”

அவள் போனை எடுத்து முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “பேரு மாத்தணும் சார், எங்க அப்பாவோடது…” என்று இழுத்தார். பழக்கதோஷத்தில் கை உன் மேசைப் பக்கம் எழுந்தது. மடக்கிக்கொண்டு, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உக்காருங்கண்ணே, நேராவே சொல்லுங்க. என் கூட்டாளியும் செத்துப்போயிட்டான். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்.”