படத்துக்கு நீட்டிய தாடை

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

இங்கே என் மூட்டு வலியைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ அனுப்பிய கணினிப் படத்தை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் இன்றைய முகம், வலப்பக்கம் ஆபரேஷனுக்குப் பிறகு வரப்போகும் முகம். பிறந்த நாள் முதல் பார்த்த முகத்தில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் கோபிப்பாய், ஆனாலும் கேட்கிறேன். தாடையை வெட்டி நகர்த்துவது உன் விருப்பமா, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் விருப்பமா?

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முன்பற்கள் சேர்வதில்லை, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது. போன வருடமே சொன்னேன். டாக்டர் ஸ்கேனை வைத்து முழு ஆபரேஷனையும் கணினியில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். எங்கே வெட்டுவது என்று காட்ட எலும்பின் மேல் பொருந்தும் ஒரு துண்டு, நகர்த்திய தாடை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டப் பற்களுக்கு நடுவே வைக்கும் ஒரு தகடு. இரண்டையும் என் அளவுக்கே முப்பரிமாண அச்சில் அச்சடித்துவிட்டார்கள். தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன், லாடம் மாதிரி இருக்கிறது. தேதியும் குறித்தாகிவிட்டது. தயவுசெய்து தடுக்காதீர்கள்.

சிட்டு

மார்ச் 17

அன்புள்ள சிட்டு,

தடுக்கவில்லை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். பள்ளியில் சீருடைக்கு அளவெடுக்கும் நாளில் சில பிள்ளைகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். தைத்து வந்த கால்சட்டை தரையில் புரளும். தையற்காரர் மேல் தப்பில்லை. உன் படத்தை மறுபடி பார்த்தேன். இடப்பக்கம் இருப்பது நீ சாப்பிடும்போது இருக்கும் முகம் இல்லை. புகைப்படத்துக்கு நிற்கும்போது கீழ்த்தாடையை முன்னே தள்ளிக்கொள்வாயே, அந்த முகம். ஸ்கேனிலும் அப்படித்தான் இருந்தாயா? மயக்கத்தில் நீ கிடக்கும்போது அதை யார் தள்ளிப் பிடிப்பார்கள்? டாக்டரிடம் கேள்.

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் மேல் போட்ட சந்தேகம் செல்லவில்லை, அதனால் இப்போது ஸ்கேன் மேல் என்று நினைத்தேன். அவரிடமே புலம்பினேன். "உங்கப்பா கேக்கறதுல என்ன தப்பு? படம்னாலே நீ அப்படித்தான் நிக்கற. போய்க் கேட்டுட்டு வா" என்றார். நீங்கள் சந்தேகப்பட்ட அதே ஆள்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடி எச்சில் விழுங்கச் சொன்னார். "தாடையைச் சும்மா விடுங்க, பிடிக்காதீங்க" என்று விரலால் மெல்லப் பின்னே தள்ளினார். திரையில் பற்கள் கடித்திருந்த இடத்துக்கும் இப்போது கடித்த இடத்துக்கும் ஒரு பென்சில் கனம் வித்தியாசம். "ஸ்கேன் எடுக்கறப்பவே நாங்க பாத்திருக்கணும்மா" என்றார். ஸ்கேன், திட்டம், துண்டு, தகடு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தேதி மே மாதத்துக்குப் போய்விட்டது.

புதுப் படத்தைக் கேட்பீர்கள். அனுப்ப மாட்டேன், அப்பா. பார்த்தால் இன்னொரு சந்தேகம் கண்டுபிடிப்பீர்கள். அதுவும் சரியாக இருந்துவிட்டால், ஆபரேஷன் மேசையில் போய்ப் படுக்க எனக்குத் தைரியம் இருக்காது. வீக்கம் வடிந்ததும் நானே வருகிறேன். அதுவரை எனக்கு எழுதாதீர்கள்.

அன்புடன்,
சிட்டு