உதடு ஆறிய வருடம்

மார்ச் 9, சிட்னி
தையல் பிரித்தார்கள். கிழிந்த மேலுதட்டுத் தசை ஒட்டிவிட்டதாம். ட்ரம்பெட் ஊத முடியுமா என்று கேட்டேன். "முதல்ல விசில் அடிச்சுப் பாருங்க லெசியேலி" என்றார் டாக்டர். வெறும் காற்றுதான் வந்தது. இசைக்குழுவில் நான் உட்கார்ந்திருந்த முதல் ட்ரம்பெட் நாற்காலிக்கு நவம்பரில் தேர்வு வைக்கிறார்கள். எல்லாரையும் போல நானும், ஊதுவது யாரென்று தெரியாதபடி, திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும். வாயே இல்லாமல்?

ஏப்ரல் 2, நெயாஃபு, டோங்கா
சிட்னியில் யார் காதிலும் விழாமல் பிசிறடிக்க இடமில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். அக்கா வீக்கா சேம்பிலையில் இறைச்சியைப் பொதிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "ஊரே கொண்டாடின வாயி. இப்ப கஞ்சியாவது குடிக்குமா?" சிரித்தேன். வலித்தது.

ஏப்ரல் 19
ஒரே ஒரு சுரம். பன்றி செருமியது போல. ஆனால் வந்தது!

மே 18
தேவாலய பேண்டை அக்காதான் நடத்துகிறாள். என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். இன்று ஒரு வரியைக் காட்டிக்கொடுக்க அவளே ட்ரம்பெட்டை எடுத்தாள். அப்படியே தேன். மறந்தே போயிருந்தேன். அந்தக் காலத்தில் சிட்னி இசைக் கல்லூரியில் எங்கள் இருவருக்கும்தான் இடம் கிடைத்தது. அம்மா அப்போது படுக்கையில். ஒருத்தி இருக்க வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை; நான் போனேன்.

ஜூலை 30
சண்டை. தேவாலய ஆண்டுக் கூடுகையில் தனியாக ஊதும் பகுதியை அக்கா எனக்குக் கொடுத்திருந்தாள். "நீயே ஊதுக்கா" என்றேன். அகப்பையை வீசி எறிந்தாள்.
"பிச்சை போடுறியா? அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினது நானு. எதுக்கு? நீ ஊதணும்னுதானே! ஊதித் தொலையேன்டி!"
அவளுக்கு ஆசையே இல்லை என்று எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் — இத்தனை வருஷமா?

ஆகஸ்ட் 11
ஊதினேன்! உச்ச சுரத்தில் உதடு நடுங்கியது. விடவில்லை. ஏறி, நின்று, கூரையைத் தொட்டது. பெண்கள் கூவிக்கொண்டு எழுந்து ஆடினார்கள். எதிரே அக்கா தாளம் தப்பாமல் கையசைத்தாள், கன்னமெல்லாம் கண்ணீர். முடிந்ததும், "நடுவுல கொஞ்சம் அவசரப்பட்ட" என்றாள். போதும். வேறு எந்தப் பாராட்டும் வேண்டாம்.

நவம்பர் 27, சிட்னி
திரையை விலக்கினார்கள். நாற்காலி எனக்கே.

டிசம்பர் 17
கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக விமானச் சீட்டு எடுத்திருந்தேன். அக்கா போன் செய்தாள். பேண்டே மல்லுக்கட்டி, கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாக ஊத அவளை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறது.
"வந்துடறேன்க்கா! முன் வரிசையில உட்காருறேன்."
"வராத."
"ஏன்க்கா?"
"நீ வந்தா எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பும். அன்னைக்கு ஒரு நாள் அத்தனை தலையும் எனக்கு வேணும்டி."
சீட்டை ரத்து செய்துவிட்டேன். எதையும் இவ்வளவு சந்தோஷமாக நான் விட்டுக்கொடுத்ததில்லை.