சங்கு ஊதிய பிறகு கேட்ட குரல்

சவாயீ, சமோவா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள எசெத்தா அக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானம், நீங்கள் கேட்காவிட்டாலும், உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, மேலே வசனம் இல்லாததுதான். ஆக்லாந்திலிருந்து வந்த மற்றக் கடிதங்களில் எல்லாம் அன்று காலை நீங்கள் வாசித்த வசனம் தலைப்பில் இருக்கும். இதில் வெறும் தேதி. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் இல்லை. அதன் பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தேன்.

இப்போது ஜெபிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதியாக உட்கார்ந்தால் கடவுள் பேசுவார் என்று எனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதாகவும், சாயங்கால ஜெபத்தின் அந்த அமைதியில்தான், மூழ்குவதற்கு முன் ஃபெரெத்தி அத்தான் கடலிலிருந்து கூப்பிட்டார், நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை என்றும், இனி நானும் கடற்சுவரில் போய் உட்காரக் கூடாது என்றும். உங்கள் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் விடியலில் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. விழித்துக்கொண்டு பாயிலேயே கிடந்தேன்.

அப்பாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை போடாமல் கோக்கோ கொடுத்தால், "இதக் குடிக்கிறதுக்கு இந்தக் காலையும் வெட்டச் சொல்லிடலாம்" என்கிறார். ஒரு கால் போன பிறகும் அவர் வாய் குறையவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளியை விட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதிதான் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம் அத்தை மகன் சியாவோசி, "இவ வாயப் பூட்டிச் சாவியக் கடல்ல போட்டாச்சு, அடுத்த ஆளு சொல்லு" என்பான். பேசாமலும் ஜெபிக்கலாம் என்று முதலில் சொன்னது நீங்கள். ஒரு வசனம் வாசித்துவிட்டு, அலை உடைகிற சத்தம், கோழி, பல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இரு என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கலியாணமான பெண், வீட்டில் எத்தனையோ வேலை. அப்படியும் கூடப் பிறக்காத எனக்காக வந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலச் சங்கு ஊதி, அப்பா ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்த வீட்டு லூப்பே, வயிற்றில் பிள்ளையோடு குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். அவள் புருஷன் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போயிருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லார் காதிலும் விழுந்தது. அம்மாவின் இமை துடித்ததைப் பார்த்தேன். அப்பா குரலை இன்னும் உயர்த்தி ஜெபித்தார். மறுபடி சங்கு ஊதும்வரை ரோட்டில் கால் வைக்கக் கூடாது என்றுதானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்? நான் எழுந்தேன். "உக்காருடி, ஆமென் சொல்லி முடிக்கட்டும்" என்று அம்மா என் துணியைப் பிடித்து இழுத்தாள்.

ரோட்டில் துவாலா மாமா காவல் நின்றார். "யாருடி அவ? சங்கு காதுல விழல? உங்கப்பன் ஒரு பன்னி அபராதம் கட்டணும், தெரியுமில்ல?" என்று தடியை ஓங்கினார். "லூப்பே விழுந்து கெடக்கா மாமா! தடியப் போட்டுட்டு ஓடி வாங்க!" என்று கத்தினேன். ஊர்த் தலைவரிடம் அப்படிக் கத்தியது நான்தான். அவர் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. இருவருமாகத் தூக்கினோம். ஒரே ரத்தம். போதகரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

லூப்பே பிழைத்துவிட்டாள். குழந்தை மறுநாள் காலை வரைதான் இருந்தது. பெண் குழந்தை.

நேற்று எங்கள் வீட்டு அபராதத்தைப் பேச ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அப்பாவையும் என்னையும் வரச் சொன்னார்கள். பேச்சுத் தொடங்குவதற்குள் துவாலா மாமா, "அபராதம் போடணும்னா எனக்குப் போடுங்க" என்றார். "ஃபெரெத்தி கூப்பிட்டப்ப நான் ரோட்டுலதான் நின்னேன். பசங்க தண்ணியில கும்மாளம் போடுறானுங்கன்னு நெனச்சேன். ஜெபம் முடியட்டும், போய் நாலு உதை உதைக்கலாம்னு நின்னுட்டே இருந்தேன்." அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஓர் ஓரத்திலிருந்து, "என் வீட்லயும் கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். அபராதத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அக்கா, படகு கவிழ்ந்து அத்தான் கூப்பிட்டதை நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடலோரத்து வீடுகள் எல்லாமே கேட்டிருக்கின்றன. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, உங்களைப் போலவே, ஆமெனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு மாலை போட்டு, பாட்டுப் பாடி, உங்களை விமானம் ஏற்றி அனுப்பினோம். ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் எனக்குத் தப்பாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. லூப்பேயின் குரல் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. கடற்சுவரில் உங்களோடு உட்கார்ந்து பழகிய காதுதான் என்னை எழுப்பியது. அத்தானை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று நானும் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. லூப்பேயின் குழந்தைக்கும் வரவில்லை. ஆனாலும் இன்று விடியலில் போய் உட்கார்ந்தேன். உங்கள் பேச்சை மீறியதற்கு மன்னியுங்கள்.

ஜெபியுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? முடியாதவரை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் உட்காருகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசிக்காதீர்கள். ஆக்லாந்தில் உங்களோடு இருக்கிற உங்கள் கூடப்பிறந்த அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

உங்கள் தங்கை,
பெனினா

பி.கு.: பெயர் எழுதிய பிறகும் தாளில் இடம் இருந்தது. மடிக்காமல் எடுத்துக்கொண்டு துவாலா மாமா வீட்டுக்குப் போய், முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டு வாங்கினார். "நானும் கேட்டேன்" என்று கீழே இருப்பது அவர் எழுத்து. பிறகு இதே தாளோடு கடலோரத்தில் அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போனேன்.